பழைய டிராக்டருக்கு வக்கீல்கள்

ஓசூர் சாலையில் ஹெப்பகோடியைக் கடப்பவர்களின் தலைக்கு மேல் இப்போது மெட்ரோ ரயில் ஓடுகிறது. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மஞ்சள் தடத்தின் ரயில்கள் ஓய்வெடுக்கும் பணிமனையும் இந்த ஊரில்தான் இருக்கிறது. கீழே, அதே சாலையில், கரும்புகை கக்கியபடி தண்ணீர் டாங்கரை இழுத்துக்கொண்டு ஊர்ந்து போகும் டிராக்டர்களில் பல, எலக்ட்ரானிக் சிட்டிக்குக் கணிப்பொறிக் கம்பெனிகள் குடிவருவதற்கு முன்பே வாங்கப்பட்டவை. ஆனேக்கல் தாலுகாவின் செம்மண்ணில் ராகிக்கு உழுவதற்காக வந்தவை.

1970களின் கடைசியில் கோனப்பன அக்ரஹாரத்திலும் தொட்டதோகூரிலும் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கரை வளைத்துப் போட்டதில் ஆரம்பித்தது நில மாற்றம். பிறகு பொம்மசந்திரா தொழிற்பேட்டை, பயோகான், அடுக்குமாடிகள். நிலம் கை மாறிவிட்டது. டிராக்டர் மட்டும் பல வீடுகளில் அப்படியே நிற்கிறது. அதை வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா என்ற விவாதம் கன்னடம், தெலுங்கு, தமிழ் என மூன்று மொழிகளிலும் கலந்து நடக்கிறது. ஓசூர், சூளகிரி, தர்மபுரி வரை இதே விவாதம்தான். வண்டியின் பெயர் மட்டும் மாறும்.

தமிழ் பேசும் விவசாயிக்குப் பெரும்பாலும் மாஸி பெர்குசன்தான் கட்சி. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே தயாரித்தது, எஞ்சின் சிம்சன். சொந்த ஊர்ச் சரக்கு என்ற பாசம். (அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று அமெரிக்காவின் ஆக்கோ நிறுவனத்தோடு நடந்த வழக்கு 2025-ல் சமரசமாகி, இந்தியா, நேபாளம், பூடானில் மாஸி என்ற பெயர் டாஃபேக்கே வந்துவிட்டது.) மஹிந்திராவின் பி-275-க்கு இன்னொரு கோஷ்டி. 1963-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து மஹிந்திரா தொடங்கிய கம்பெனியின் வண்டி அது. ரேடியேட்டர் இல்லாமல் காற்றிலேயே குளிர்ந்து, ‘டுப் டுப்’ என்று ஒற்றை சிலிண்டரில் ஓடும் பழைய ஐஷருக்கும் ஆள் உண்டு. 1959-ல் இந்தியாவில் முதலில் தயாரான டிராக்டர் ஐஷர்தான் என்பதை அவர்கள் மறக்காமல் சொல்வார்கள். 2005-ல் ஐஷரின் டிராக்டர் பிரிவையே டாஃபே வாங்கிவிட்டது என்பதை மாஸிக்காரர்களும் மறக்காமல் சொல்வார்கள்.

பெங்களூர்க்காரர்களுக்கென்று ஒரு தனிச் சோகம் இருக்கிறது. அதன் பெயர் எச்.எம்.டி. 1953-ல் பெங்களூரில் பிறந்த அந்தப் பொதுத்துறை நிறுவனம், செக்கோஸ்லோவாகியாவின் ஜீட்டர் டிராக்டரை 1971-ல் ஹரியாணாவின் பிஞ்சோரில் தயாரிக்க ஆரம்பித்தது. இரண்டு சிலிண்டர், 25 குதிரைசக்தி கொண்ட 2511-ஐ ஓட்டியவர்கள் இன்றும் அதன் இழுவையைப் பற்றிப் பேசினால் குரலை உயர்த்துகிறார்கள். 2016 அக்டோபரில் மத்திய அமைச்சரவை டிராக்டர் பிரிவை மூட முடிவு செய்தது. வியாபாரம் செத்த பிறகு வண்டியின் மவுசு கூடியதுதான் வேடிக்கை. பஞ்சாபில் இரண்டு டிராக்டர்களைச் சங்கிலியில் பிணைத்து எதிரெதிராக இழுக்கவிடும் ‘டோச்சன்’ பந்தயத்தில் எச்.எம்.டி. 5911 ஒரு கதாநாயகன். பாடகர் சித்து மூஸேவாலா 2022 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர் உடல் இறுதி ஊர்வலம் போனது அவர் ஆசையாக வைத்திருந்த 5911-ல்தான்.

பழைய வண்டியின் வக்கீல்கள் முன்வைக்கும் முதல் வாதம், அதைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டலாம் என்பது. உள்ளூர் மெக்கானிக் பாதி நாளில் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுவார். உதிரி பாகத்துக்கு ஜே.சி. ரோடு போதும். டீசல் பம்பும் நாசிலும் மைக்கோ என்றால் அதுவும் இதே ஓசூர் சாலைச் சரக்குதான். ஆடுகோடியில் இருந்த அந்த ஆலை பல தலைமுறை டிராக்டர்களுக்கு ரத்த ஓட்டம் கொடுத்தது. (2008 முதல் கம்பெனியின் பெயர் பாஷ்; உற்பத்தி பிடதிக்குப் போய்விட, ஆடுகோடி இடம் இன்று தொழில்நுட்ப வளாகம்.) பாட்டரி செத்துப் போனாலும் மேட்டில் நிறுத்தி உருட்டிவிட்டால் பழைய வண்டி கிளம்பிவிடும். 2023 ஜனவரி முதல் 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதி வந்துவிட்டது. அதற்காக அவற்றில் டீசலை அளந்து விடும் வேலையை மின்னணுப் பெட்டி ஏற்றிருக்கிறது. மின்சாரம் இல்லாமல் அது வாய் திறக்காது. பழுது பார்க்கக் கம்பெனி ஆள் கணிப்பொறியோடு வர வேண்டும்.

இது வெறும் பழமைவாதம் அல்ல. அமெரிக்காவில் நாற்பது வருடப் பழைய ஜான் டீர் டிராக்டர்களை ஏலத்தில் போட்டி போட்டு வாங்குகிறார்கள். மென்பொருள் பூட்டு இல்லாத வண்டி வேண்டும் என்பதே காரணம். விவசாயி தன் இயந்திரத்தைத் தானே பழுது பார்க்கும் உரிமைக்காக கொலராடோ மாநிலம் 2023-ல் சட்டமே போட்டது. ஹெப்பகோடிக்காரரும் அயோவாக்காரரும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி.

ஆனால் எதிர்க்கட்சியும் லேசுப்பட்டதல்ல. ரொட்டவேட்டர் வந்ததிலிருந்து அதன் கை ஓங்கியிருக்கிறது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஒற்றை கிளட்ச்தான். கிளட்ச்சை மிதித்தால் சக்கரத்தோடு பின்னால் சுழலும் தண்டும் நின்றுவிடும். மண் அடைத்துக்கொண்ட ரொட்டவேட்டரைச் சுழலவிட்டபடி வண்டியை மட்டும் நிறுத்த முடியாது. ஐந்து கொழுக் கலப்பை இழுக்கும் வரை இது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஸ்டியரிங்கோ, திருப்பித் திருப்பித் தோள்பட்டை கழன்றுவிடும். கியர் மாற்ற வண்டியை நிறுத்த வேண்டும். ரிங் தேய்ந்த எஞ்சின் டீசலோடு ஆயிலையும் குடிக்கும். ‘என் வண்டி டீசலே குடிக்காது’ என்பவர்கள், மணிக்கு எத்தனை லிட்டர் என்று அளந்து பார்த்துச் சொல்வது அபூர்வம்.

இதிலெல்லாம் இரு தரப்புக்கும் பாதிப் பாதி நியாயம். பிரேக் விஷயம் அப்படியல்ல. வயலில் டிராக்டருக்குப் பிரேக் என்பது வளைவில் திரும்ப உதவும் சாதனம், அவ்வளவுதான். மண்ணும் கலப்பையுமே வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும். ஹாரி பெர்குசன் கண்டுபிடித்த மூன்று முனை இணைப்பும் ஹைட்ராலிக்கும் அந்த வயலுக்காகப் பிறந்தவை. கலப்பையின் இழுவை பின்சக்கரத்தை மண்ணில் அழுத்தும். பாறையில் மாட்டினாலும் முன்பக்கம் எழும்பாமல் காக்கும். அதே வண்டியில் கலப்பைக்குப் பதில் 5,000 லிட்டர் தண்ணீர் டாங்கரைக் கோத்தால் கதையே மாறுகிறது. 5,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே ஐந்து டன். இழுக்கும் டிராக்டர் இரண்டு டன்கூட இல்லை. டாங்கருக்குத் தனி பிரேக் பெரும்பாலும் கிடையாது. இறக்கத்தில் டிராக்டரின் உலர்ந்த டிரம் பிரேக்கை மிதித்தால், பின்னாலிருந்து ஐந்து டன் தள்ளும். டாங்கர் பாதி காலியாக இருந்தால் உள்ளே தண்ணீர் அலைமோதி இன்னும் மோசம். எண்ணெயில் மூழ்கிய பிரேக் கொண்ட புதிய வண்டி இதில் நிச்சயம் மேல்; அதற்கும் தனி பிரேக் இல்லாத டாங்கர் ஆபத்துதான்.

இந்த ஆபத்தை ஊரே சேர்ந்து வளர்த்திருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். ராகி போட்டால் கிடைக்காத காசு போர்வெல் தண்ணீரில் கிடைக்கிறது. 2024 மார்ச்சில் பெங்களூர் வறண்டபோது மாவட்ட நிர்வாகமே டாங்கர் தண்ணீருக்கு விலை நிர்ணயித்தது: 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய். புது டிராக்டருக்குத் தவணை கட்டிக்கொண்டு இந்த விலையில் தண்ணீர் இழுத்தால் கட்டாது. கடன் இல்லாத கிழட்டு வண்டிதான் கட்டும். 2025 செப்டம்பரில் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததும் இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது? பத்து வருடமானால் டிராக்டரை உடைக்க வேண்டும் என்ற வதந்தி நாடெங்கும் பரவியபோது, 2023-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதை மறுத்தது. விவசாய டிராக்டருக்கு முதலில் 15 ஆண்டுப் பதிவு. பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். டெல்லி சுற்றுவட்டாரத்தில் பத்து வயது டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் விதித்த தடைதான் வதந்திக்கு வித்து. பெங்களூரில் அந்தத் தடை இல்லை. ஆனால் அமைச்சகம் சொன்ன சலுகை விவசாய டிராக்டருக்கு. கூலிக்குத் தண்ணீர் சுமப்பது விவசாயமா என்ற கேள்வியைப் போலீஸ்காரர் கேட்காமல் விடலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதல் வேலையாக அதைத்தான் கேட்கும்.

ஹெப்பகோடிக்குப் பக்கத்தில் ஹுஸ்கூர் மத்தூரம்மன் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வானளாவிய தேர்களை மாடும் டிராக்டரும் பூட்டி இழுத்து வருவார்கள். 2024-ல் ஒரு தேர் சாய்ந்தது. 2025 மார்ச்சில் மறுபடி தேர் சாய்ந்து உயிர்ப்பலியும் நேர்ந்தது. எவ்வளவு இழுக்கும் என்பதில் காட்டும் அக்கறையை எப்படி நிறுத்துவது என்பதில் காட்டாதது டாங்கர்க்காரர்கள் மட்டுமல்ல.

டீக்கடையில் பழைய டிராக்டருக்கு வாதாடுபவர் அநேகமாக அதன் சொந்தக்காரர். ஐம்பதோ அறுபதோ வயது. அந்த வண்டியில் உழுது பழகியவர். அதன் பிரேக் எங்கே பிடிக்கும், எங்கே பிடிக்காது என்று காலுக்குத் தெரியும். காலை ஐந்து மணிக்கு முதல் லோடு ஏற்றிக்கொண்டு அடுக்குமாடி வாசலுக்குப் போகிறவர் அவர் அல்ல. நடை கணக்கில் கூலிக்கு ஓட்டும் வேறொருவர். அந்த விவாதத்தில் அவரை யாரும் கேட்பதில்லை.