மறுகூட்டலா, விடைத்தாள் நகலா? பிளஸ் டூ மாணவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது: "கணக்குல 90 தாண்டும்னு சொன்னியே, எப்படி 81 ஆச்சு?" அடுத்த நாளே பள்ளிக்கு ஓடி, "மறுகூட்டல் போடுங்க சார்" என்று பணம் கட்டிவிட்டு வருவார்கள். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இரண்டும் ஒன்றா?

இல்லை. மறுகூட்டல் என்பது ஏற்கெனவே போட்ட மதிப்பெண்களைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பது மட்டுமே. 5 மதிப்பெண் விடைக்கு 2 போட்டது சரியா என்று அதில் யாரும் பார்க்க மாட்டார்கள். விடையைத் திரும்பத் திருத்துவதற்குப் பெயர் மறுமதிப்பீடு.

தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் நடைமுறைப்படி, விடைத்தாள் நகல் வாங்கியவர்கள் மட்டுமே மறுமதிப்பீடு கேட்க முடியும். நகலுக்கு விண்ணப்பித்தால், அதைப் பார்த்த பிறகு மறுகூட்டல், மறுமதிப்பீடு இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்யலாம். முதலிலேயே மறுகூட்டலை டிக் செய்தால், அந்தப் பாடத்துக்கு மறுமதிப்பீட்டுக் கதவு மூடிவிடும்.

எவ்வளவு செலவு?

அண்மை ஆண்டுகளில் ஒரு பாடத்தின் நகலுக்கு 275 ரூபாய், மறுகூட்டலுக்கு 205 ரூபாய் (உயிரியலுக்கு 305), மறுமதிப்பீட்டுக்கு 505 ரூபாய் வசூலிக்கப்பட்டது. நகலும் மறுமதிப்பீடும் சேர்த்தால் பாடத்துக்கு 780. மூன்று பாடம் என்றால் 2,340 ரூபாய். தினக்கூலியை நம்பும் வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. அதனால்தான் முதலில் நகலுக்கு மட்டும் கட்டி, பாட ஆசிரியரிடம் காட்டி, விடைக்குறிப்போடு ஒப்பிட்ட பிறகு மீதியை யோசிப்பது நல்லது.

பள்ளியில் தரும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைக்க வேண்டும். அதிலுள்ள விண்ணப்ப எண் இருந்தால்தான் நகலை டவுன்லோடு செய்ய முடியும். இறுதியில், மதிப்பெண் மாறியவர்களின் பதிவெண்கள் மட்டுமே பட்டியலாக வரும். பட்டியலில் எண் இல்லையென்றால் மாற்றம் இல்லை என்று அர்த்தம்.

எந்தப் பாடத்துக்குப் போடலாம்?

பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண் அப்படியே சேரும். இயற்பியலில் கூடும் ஒன்று அரையாகத்தான் சேரும். கல்லூரியையே மாற்றக்கூடிய வித்தியாசம் இது. ஆனால் மறுமதிப்பீடு எழுத்துத் தேர்வுக்கு மட்டுமே. செய்முறை, அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் இதில் மாறாது.

சிபிஎஸ்இ-யில் எப்படி?

முன்பு மதிப்பெண் சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் நகல் கிடைத்தது. 2025-ல் அந்த வரிசை மாற்றப்பட்டு, நகல் முதல் படியானது. ஆனால் ஓர் எச்சரிக்கை: அங்கே ஒரு மதிப்பெண் குறைந்தாலும் குறைந்ததுதான் இறுதி.

நகல் கேட்பது உரிமையா?

ஆம். திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாணவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்தது. ஆனால் மறுமதிப்பீடு அப்படி இல்லை; தேர்வு வாரியத்தின் விதி அனுமதித்தால்தான் உண்டு. விண்ணப்பிக்கக் கிடைப்பதோ சில நாள்கள்தான். எனவே கோபத்தில் எதையாவது டிக் செய்யாமல், விடைத்தாளை முதலில் கண்ணால் பார்ப்பதே புத்திசாலித்தனம்.