கடலுக்கும் ஒரு சர்வே

அம்பத்தூரிலோ ஆவடியிலோ அரை கிரவுண்டு மனை வாங்குகிற மனிதர், ஒரு தடவைக்கு மூன்று தடவை சர்வேயரை அழைத்து வந்து நாடா பிடிக்கிறார். பக்கத்து மனைக்காரர் அரை அடி தள்ளிச் சுவர் எழுப்பிவிட்டால் கோர்ட்டு வரைக்கும் போகிறார். அதே மனிதர்தான், "கடலுக்கு அடியில் பவளத்தை எண்ணுகிறார்களாமே! குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் இதற்கெல்லாமா பணம்?" என்று பூந்தமல்லி பஸ்ஸில் முழங்குகிறார். அவரோடுதான் எனக்குச் சண்டை.

அவர் பரிகசிக்கிற காரியம் என்னவென்று முதலில் பார்ப்போம். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. 1986-இல் அந்தப் பகுதியைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. மற்றவற்றைச் சுற்றி ஆராய்ச்சியாளர்கள் மூழ்கி, கடல் தரையில் 20 மீட்டர் நாடாவை விரித்து, அதன் கீழே உயிருள்ள பவளம் எவ்வளவு, செத்தது எவ்வளவு, பாசி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு வருகிறார்கள். நம் மனையில் பிடிக்கிற நாடாவுக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. அது நம் சொத்து. இது யாருடைய சொத்தோ என்று நினைக்கிறோம், அவ்வளவுதான்.

அந்த நாடா சொன்ன செய்தியைக் கேளுங்கள். பல வருஷங்களாக அங்கே பவளத்தை வெட்டி எடுத்துக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள், வீடு கட்டினார்கள், கார்பைடு தொழிலுக்கும் கொடுத்தார்கள். 2001-இல் சட்டம் பவளத்தைப் புலியோடு ஒரே அட்டவணையில் வைத்தது. 2005-ஐ ஒட்டி வெட்டுவது நின்றது. அந்த ஆண்டில் உயிர்ப் பவளம் சுமார் 37 சதவீதம்; 2009-இல் சுமார் 43. மனிதன் கையை எடுத்தான், கடல் தழைத்தது. இதை ஊகமாகச் சொல்லவில்லை, அளந்து சொல்கிறார்கள்.

பிறகு 2010-இல் கடல் சூடேறியது. சுமார் 33 சதவீதமாக இறங்கிற்று. மெல்ல மெல்ல 39-க்கு ஏறிய பவளம், 2016-இல் வந்த வெப்பத்தில் 23-க்கு விழுந்தது. காரணம் எளிது. பவளம் கல்லல்ல, பிராணி. அதன் உடம்பில் நுண்ணிய பாசி குடியிருந்து, நிறமும் கொடுத்து, ஆகாரமும் சமைத்துப் போடுகிறது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகி வாரக்கணக்கில் அப்படியே நின்றால், அந்தக் குடித்தனம் கலைந்துவிடுகிறது. பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் சாகும்.

என் வழக்கு இங்கேதான் இருக்கிறது. பவளம் அழிந்தது என்றவுடனே நாம் யாரைக் கை காட்டுகிறோம்? கல் வெட்டிய ஏழை மீனவனை. வெட்டிய காலத்தில் அவன் பேரில் குற்றம் உண்டு; நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்கியவன் இல்லாமல் விற்றவன் ஏது? அவன் வெட்டுவதை நிறுத்திய பிறகும் பவளம் செத்ததே, அதற்கு யார் ஜவாப்தாரி? கடலைச் சூடாக்கிய புகையில், வள்ளத்தில் போகிறவன் பங்கு எவ்வளவு, கார் வைத்திருக்கிறவன் பங்கு எவ்வளவு? எங்கள் பேட்டைத் தொழிற்சாலைகளும், வீட்டுக்கு வீடு ஓடுகிற ஏ.சி.க்களும் அந்தக் கணக்கில் வராதா? ஒரே இடத்தில் வருஷா வருஷம் எண்ணியிருக்காவிட்டால், வெட்டுக்கும் வெப்பத்துக்கும் வித்தியாசம் தெரிந்திராது. மொத்தப் பழியும் மீனவன் தலையில் விழுந்திருக்கும். அளப்பது வீண் என்று சொல்பவர்களுக்கு அதுதான் சௌகரியமோ, என்னவோ!

"அளந்தால் பவளம் வளர்ந்துவிடுமா?" என்றும் கேட்பார்கள். நாடி பார்ப்பதனாலேயே ஜுரம் இறங்குவதில்லை. அதற்காக நாடி பார்க்காத வைத்தியனிடம் யாரும் பிள்ளையைக் கொண்டுபோவதில்லை. 2024 ஏப்ரலில் உலகம் முழுவதிலும் நான்காவது முறையாகப் பவளம் வெளுப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இந்தச் சமயத்திலா எண்ணுவதை நிறுத்துவது?

ஆகவே எண்ணட்டும், ஒவ்வொரு வருஷமும் எண்ணட்டும். எண்ணியதை நல்ல தமிழில் எழுதி, மண்டபம் மீனவனும் படிக்கும்படி, அம்பத்தூர் மனைக்காரரும் படிக்கும்படி வெளியிடட்டும். மீனவனுக்குத் தன் மேல் விழுந்த பழியில் எவ்வளவு நியாயம் என்று தெரியும். மனைக்காரருக்குத் தம் பங்கு எவ்வளவு என்று தெரியும்.