பூட்டு எவர் கையில்? சாவி எவர் கையில்?

பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர் திண்டுக்கல். நாகல்நகர்ப் பட்டறைகளிலே அரத்தைக் கையிலேந்தி, இரும்பையும் பித்தளையையும் இழைத்து இழைத்து, மாங்காய்ப் பூட்டு முதலாகப் பல வகைப் பூட்டுகளைச் செய்தளித்த தொழிலாளர் பரம்பரை வாழும் ஊர். 2019ஆம் ஆண்டில் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தத் தொழிலாளரிடம் சென்று, "ஐயா, பூட்டு எதற்கு?" என்று கேளுங்கள். "அவரவர் வீட்டை அவரவர் காத்துக்கொள்வதற்கு" என்பார். "அடுத்தவன் வீட்டு வாசலில் நமது பூட்டைத் தொங்கவிட்டு, சாவியை நம் மடியில் முடிந்துகொண்டால்?" என்று கேளுங்கள். "அதற்குப் பெயர் அடாவடி" என்பார்.

அந்த அடாவடிக்கு உலக அரசியலிலே கௌரவமான பெயர் ஒன்று உண்டு. 'தடை நடவடிக்கை' என்பது அதன் பெயர்!

2024 டிசம்பரில் அமெரிக்க அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பாகிஸ்தானின் தொலைதூர ஏவுகணைத் திட்டத்திற்குப் பொறுப்பாக உள்ள அரசு நிறுவனமான தேசிய வளர்ச்சி வளாகத்தின்மீதும், அதற்குப் பொருள் வாங்கித் தந்தவை என்று சொல்லப்பட்ட கராச்சி நிறுவனங்கள் மூன்றின்மீதும் தடை விதிக்கப்பட்டது. பக்கத்து வீட்டு வாசலில் பூட்டுத் தொங்குகிறது என்று கைகொட்டி மகிழ்ந்தவர்கள் இங்கே உண்டு. பாகிஸ்தானின் ஏவுகணைக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை, தோழர்களே! எந்த நாட்டு ஏவுகணையும் ஏழையின் அடுப்பை எரிய வைத்ததில்லை. ஆனால், கைகொட்டுவோரிடம் கேட்க நமக்கு ஒரு கேள்வி உண்டு. இதே பூட்டு, இதே கை, இதே குற்றச்சாட்டு நம் வீட்டு வாசலுக்கு வந்த நாளை மறந்துவிட்டீர்களா?

மறந்தவர்களுக்கு நினைவூட்டுவோம்.

1991 ஜனவரியில், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் சோவியத் நாட்டின் அரசு நிறுவனமான கிளாவ்காஸ்மாசுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. கனமான செயற்கைக்கோளை உயரே கொண்டு செல்லும் கிரையோஜெனிக் இயந்திரத்தையும், அதைச் செய்யும் தொழில்நுட்பத்தையும் நமக்குத் தருவதாக ஒப்பந்தம். விலை ஏறத்தாழ 235 கோடி ரூபாய். தொலைபேசிக்கும், தொலைக்காட்சிக்கும், புயல் எச்சரிக்கைக்கும் வேண்டிய செயற்கைக்கோளை நம் மண்ணிலிருந்து நாமே ஏவ வேண்டும் என்பது நோக்கம். ஓராண்டு முடிவதற்குள் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அடுத்த மே மாதம், அதாவது 1992இல், வாஷிங்டனிலிருந்து ஆணை வந்தது. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் ஒருசேர இரண்டாண்டுத் தடை! காரணம்? இது ஏவுகணைத் தொழில்நுட்பப் பரிமாற்றமாம். 1987இல் ஏழு பணக்கார நாடுகள் கூடி வகுத்துக்கொண்ட ஏவுகணைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு மாறானதாம்!

அந்த ஏழு நாடுகள் கூடியபோது நம்மைக் கேட்டார்களா? இல்லை. அந்த விதியில் நாம் கையெழுத்திட்டோமா? இல்லை. நாம் எழுதாத சட்டம், நாம் ஏற்காத சட்டம். ஆயினும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டவர் நாம்!

குற்றச்சாட்டேனும் பொருந்துமா என்று பார்ப்போம். கிரையோஜெனிக் இயந்திரம் எதைக் குடித்து இயங்குகிறது? திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும். ஹைட்ரஜன் நீர்மமாக இருக்க வேண்டுமானால் அதைச் சுழிக்குக் கீழே 253 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். சற்றே வெப்பம் ஏறினாலும் ஆவியாகிப் பறந்துவிடும். ஏவுவதற்குச் சற்று முன்னர்தான் அதை நிரப்ப முடியும். அதற்கே பல மணி நேரம் பிடிக்கும். போர் ஏவுகணையோ, பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் பாய வேண்டும். திரவ ஹைட்ரஜனால் இயங்கும் போர் ஏவுகணையை எந்த நாடும் தன் படையில் நிறுத்தி வைத்ததில்லை. குற்றம் சாட்டியவர்களுக்கு இது தெரியாதா? நிலாவுக்கு மனிதரை அனுப்பிய நாட்டுக்குத் தெரியாதா?

தெரியும்! அதற்கு முன்னரே அமெரிக்க நிறுவனம் ஒன்றும் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றும் இத்தகைய இயந்திரத்தை மிகக் கூடுதலான விலைக்கு நமக்கு விற்க முன்வந்திருந்தனவே! வாஷிங்டன் கடையில் வாங்கினால் வணிகம். மாஸ்கோ கடையில் வாங்கினால் குற்றம். இதுதான் அவர்கள் கண்ட நீதி!

தடையின் பயன் 1993இல் விளைந்தது. யெல்ட்சின் ஆட்சி பணிந்தது. இயந்திரங்களைத் தருவோம், அவற்றைச் செய்யும் நுட்பத்தைத் தரமாட்டோம் என்று ஒப்பந்தத்தை மாற்றியது. கைம்மாறாக, அமெரிக்காவின் விண்வெளிக் கூட்டுறவும் செயற்கைக்கோள் ஏவும் சந்தையில் பங்கும் ரஷ்யாவுக்குக் கிடைத்தன. கனியைத் தருவோம், விதையைத் தரமாட்டோம் என்பதே இதன் பொருள். கனி கேட்பவன் என்றென்றும் கடை வாசலில் நிற்பான். விதை கொண்டவனோ தன் காலில் நிற்பான். அவர்கள் தடுத்தது ஆயுதத்தை அல்ல, விதையை!

இது நம் மனக்குமுறல் மட்டுமே என்று எவரேனும் சொல்வாராயின், வேறு இரண்டு வழக்குகளை அவர் முன் வைக்கிறோம்.

முதல் வழக்கு 1991ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியின் அரசு ஆயுத நிறுவனமான ஆர்ம்ஸ்கார், இஸ்ரேலுடன் கள்ளத்தனமாக ஏவுகணைக் கூட்டுறவு கொண்டது என்று அமெரிக்கா கண்டறிந்தது. ஆர்ம்ஸ்கார்மீது தடை விழுந்தது. நல்லது, நிறவெறியரின் ஆயுதசாலைக்கு நாம் கண்ணீர் வடிக்கப் போவதில்லை. ஆனால், கொடுத்த கை என்ன ஆயிற்று? இனிமேல் விதிகளின்படி நடப்போம் என்று இஸ்ரேல் வாக்களித்ததாம். அதிபர் புஷ் தடையைத் தள்ளுபடி செய்துவிட்டாராம்! வாங்கியவன் குற்றவாளி, கொடுத்தவன் நண்பன்!

இரண்டாம் வழக்கு அண்மைக் காலத்தது. ரஷ்யாவிடமிருந்து எஸ்-400 என்னும் வான்காப்பு ஏவுகணையைத் துருக்கி வாங்கியது. 2020 டிசம்பரில் துருக்கியின் அரசு ஆயுதக் கொள்முதல் நிறுவனத்தின்மீது அமெரிக்கா தடை விதித்தது. அதே எஸ்-400 ஏவுகணைக்கு 2018 அக்டோபரில் இந்தியாவும் ஒப்பந்தம் செய்தது. 2021இல் வந்து சேரவும் தொடங்கியது. நம்மீது தடை வரவில்லை. ஏன்? ஏவுகணை மாறிவிட்டதா? சட்டம் மாறிவிட்டதா? இரண்டும் இல்லை, சீனத்துக்கு எதிரே நிறுத்த இந்தியா வேண்டும் என்ற கணக்கு மாறியிருந்தது, அவ்வளவே! இன்று கணக்கு நமக்குச் சாதகம் என்று மகிழ்வோர், நாளை கணக்கு மாறும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

"அப்படியானால் ஏவுகணைகள் தடையின்றிப் பரவட்டும் என்கிறீர்களா?" என்று நண்பர் ஒருவர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை தருவோம். பரவக் கூடாது. பரவாமலிருக்க வழி, அனைவர் கையிலும் உள்ளதைக் குறைப்பது. ஆயிரக்கணக்கான அணுகுண்டுகளைத் தன் கிடங்கில் அடுக்கி வைத்துக்கொண்டு, பிறன் பையைச் சோதனையிடும் காவலனை ஊர் நம்பாது. எல்லார்க்கும் ஒரே தராசு என்றால் நாமே முன்வந்து அதில் ஏறுவோம். ஆளுக்கொரு தராசு என்றால், அது கட்டுப்பாடு அன்று, ஏகபோகம்!

இந்த ஏகபோகத்தின் வேர் எவ்வளவு பழையது என்று அறிய நாம் வாஷிங்டன் செல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல் மலைக்கோட்டையை நிமிர்ந்து பார்த்தால் போதும். 1755இல் இந்தச் சீமைக்குப் பவுஜ்தாராக வந்தார் ஹைதர் அலி. பிரெஞ்சுக்காரரின் மேற்பார்வையில் திருச்சியிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கைவினைஞரைத் திரட்டி, பீரங்கிப் படைக்கும் ஆயுதசாலைக்கும் இங்கேதான் அடிக்கல் நாட்டினார். அயல்நாட்டுக் கூட்டுறவோடு அமைந்த அரசு ஆயுதசாலை! அன்றைக்கு இன்றைய சட்டம் இருந்திருக்குமானால், கும்பினியார் முதல் தடையைத் திண்டுக்கல்மீதே போட்டிருப்பர்.

பின்னர் மைசூர்ப் படை இரும்புக் குழாயில் வெடிமருந்தைத் திணித்து ராக்கெட் செய்தது. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கும்பினிப் படையை நிலைகுலைத்த போரில் அந்த ராக்கெட்டுகளும் பாய்ந்தன. 1790இல் திண்டுக்கல் கோட்டை ஆங்கிலேயர் வசம் வீழ்ந்தது. 1792 உடன்படிக்கையில் சீமை முழுவதும் அவர்களுக்குப் போயிற்று. 1799இல் சீரங்கப்பட்டணமும் வீழ்ந்தது. கைப்பற்றிய ராக்கெட்டுகள் இங்கிலாந்தின் ஊலிச் ஆயுதசாலைக்குப் பயணமாயின. அவற்றைப் பார்த்துக் காங்கிரீவ் என்பவர் செய்த ராக்கெட் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போர்க்களம் கண்டது. நம்மிடமிருந்து அவர்கள் கொண்டுபோனபோது அதற்குப் பெயர் 'வெற்றிப் பொருள்'. விலை கொடுத்து நாம் வாங்க முயன்றபோது அதற்குப் பெயர் 'சட்டவிரோதக் கூட்டுறவு'!

பூட்டுப் போட்டார்கள், நாம் என்ன செய்தோம்? அதற்கு விடை திண்டுக்கல்லிலிருந்து தெற்கே கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையோரம், நெல்லைச் சீமையின் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் இருக்கிறது. 1994இல் சொந்த கிரையோஜெனிக் இயந்திரத்துக்கான திட்டத்திற்கு அரசு ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டில் அத்திட்டத்தின் பொறுப்பிலிருந்த நம்பி நாராயணன்மீது பொய்யான உளவு வழக்குப் பாய்ந்தது. ஆதாரமில்லை என்று 1996இல் மத்தியப் புலனாய்வுத் துறையே கூறியது. 2018இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. வெளியிலிருந்து ஒரு பூட்டு. உள்ளேயிருந்தும் ஒரு பூட்டு! 1998 பொக்ரான் அணுச் சோதனைக்குப் பின்னர் மூன்றாவது பூட்டும் வந்தது. ஏவுகணை செய்யும் அரசு நிறுவனமான பாரத் டைனமிக்ஸ் உள்பட, 200க்கு மேற்பட்ட இந்திய அமைப்புகள் அமெரிக்காவின் தடைப்பட்டியலில் ஏறின. பாரத் டைனமிக்சின் பெயர் நீங்கியது 2011இல்தான்.

ஆயினும் மகேந்திரகிரியில் சோதனை மேடையின் நெருப்பு அணையவில்லை. 2010 ஏப்ரலில் நம் இயந்திரம் முதன்முதலாகப் பறந்து தோற்றது, கடலில் விழுந்தது. துவண்டார்களா? இல்லை. 2014 ஜனவரி 5ஆம் நாள் வென்றது. இருபது ஆண்டு உழைப்பு! 2023இல் சந்திரயான்-3 கலத்தைச் சுமந்து சென்ற ஏவுகலத்தின் உச்சியிலும் நம் கிரையோஜெனிக் இயந்திரமே எரிந்தது. கருவியைத் தடுக்கலாம், கடனைத் தடுக்கலாம். கற்றுக்கொள்ளும் கையைத் தடுக்க எந்தப் பூட்டாலும் ஆகாது.

இத்தோடு மார்தட்டி முடித்துவிடலாமா? கூடாது, தோழர்களே! நம் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். எந்த விதிகளைக் காட்டி நம்மைத் தண்டித்தார்களோ, அந்த ஏவுகணைக் கட்டுப்பாட்டுக் குழுவிலேயே 2016இல் இந்தியா உறுப்பினராகச் சேர்ந்தது. வெளியே நின்றபோது நியாயம் பேசிய நாம், உள்ளே சென்றபின் எளிய நாடுகளுக்காக அந்த நியாயத்தைப் பேசுகிறோமா? 2019இல் அமெரிக்கத் தடைக்கு அஞ்சி ஈரான் எண்ணெய் வாங்குவதை நிறுத்தினோம். அடங்கியவனை விட்டார்களா? ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை என்று 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள்மீது 25 சதவீதக் கூடுதல் வரி போட்டார்கள்; முன்னிருந்ததோடு சேர்ந்து 50 சதவீதம் ஆயிற்று. திருப்பூர்ப் பின்னலாடைக்கு அமெரிக்கா பெருஞ்சந்தை. வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளோ அந்த ஆடைத் தொழிலை நம்பி நிற்பவை. வாஷிங்டனில் ஒருவர் இடும் கையெழுத்து, இரவு முறைக்குச் செல்லும் நம் ஊர்ப் பெண்ணின் கூலியைத் தொடுகிறது. தடை என்பது ராக்கெட் விஞ்ஞானிக்கு மட்டும் உரிய செய்தி அன்று!

ஆகவே, அடுத்த முறை ஏதேனும் ஒரு நாட்டின் நிறுவனத்தின்மீது தடை என்ற செய்தி வரும்போது, டீக்கடையிலும் ஆலை வாயிலிலும் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். சட்டத்தை எழுதியவர் யார்? அதே குற்றத்தைச் செய்த நண்பனுக்கு என்ன தண்டனை? அந்தத் தடையால் ஆதாயம் பெறும் கடைக்காரர் யார்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னர் கைதட்டுவதா, கண்டிப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

பகைவன் வீட்டு வாசலானாலும், அயலான் தொங்கவிட்ட பூட்டைக் கண்டு மகிழ்பவன், தன் வீட்டு வாசலுக்கும் அதே பூட்டை அழைக்கிறான். பூட்டுச் செய்யும் ஊரில் பிறந்த நமக்கு இதைப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை.