மலை தரும் தித்திப்பு

தைவானில் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் விளையும் ஊலாங்கைத்தான் உயர்மலைத் தேயிலை என்கிறார்கள். அலிஷான், லிஷான் என்ற மலைப்பெயர்களுக்கே தனி விலை உண்டு. அது வெறும் விளம்பரம் என்பதை ஏற்க முடியாது. குளிரும் மூடுபனியும் கொழுந்தின் வளர்ச்சியை மெதுவாக்குகின்றன. கடும் வெயில் படாததால் துவர்ப்பைத் தரும் கேட்டச்சின் குறைந்து, தியானின் என்ற அமினோ அமிலம் கூடுதலாகத் தங்குகிறது. நாக்கில் படும் இனிப்புக்கு முக்கியக் காரணம் இதுதான். இறுகச் சுருட்டிய கரும்பச்சை உருண்டைகள் வெந்நீரில் மெல்ல அவிழ்ந்து, காம்போடு முழு இலையாக விரிகின்றன. முதலில் மலர் மணம், அடுத்தடுத்த கோப்பைகளில் வெண்ணெய் போன்ற வழவழப்பு, விழுங்கிய பிறகும் தொண்டையில் நிற்கும் தித்திப்பு.

பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் சப்பென்றிருக்கும் என்பார்கள். கொதிக்கவிட்ட தூளின் கடுப்பையே அளவுகோலாக வைத்தால் அப்படித்தான் தோன்றும். பால் சேர்த்தாலோ இந்த மணமே அடங்கிவிடும். உயரம் மட்டும் போதாது என்ற வாதம் இதைவிட நியாயமானது. வாட்டுவதிலும் லேசாக ஆக்சிஜனேற்றம் நடக்கவிட்டு நிறுத்துவதிலும் கை தவறினால், 2,000 மீட்டர் இலையிலும் பச்சைப்புல் வாடைதான் அடிக்கும். ஆகவே மலையின் பெயரை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். கொஞ்சமாக வாங்கி, நாலைந்து முறை வெந்நீர் ஊற்றிப் பாருங்கள். நல்ல இலை அப்போதும் மணக்கும்.