பந்தை வாங்கிக் கொடுத்தவர்கள்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை நீண்டு கிடக்கும் எங்கள் கரையோரத்தில் விளையாட்டு என்றதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவன குத்துச்சண்டையும் கால்பந்தும் கேரமும்தாம். இம்மூன்றிலும் இப்பகுதிப் பிள்ளைகள் அடைந்துள்ள தேர்ச்சியைப் பற்றி நான் புதிதாகச் சொல்லவேண்டியது ஏதுமில்லை. இவற்றுக்கிடையே வளைகோல் பந்தாட்டத்தின்மீது, ஹாக்கியின்மீது, ஆயுள் முழுவதும் மாறாத அபிமானம் கொண்ட ஒரு சிறு கூட்டமும் இங்கே உண்டு. அக்கூட்டத்தில் ஒருவன் என்ற உரிமையோடு, இந்திய அணியில் என் நெஞ்சுக்கு உகந்தவர்கள் யார் யார் என்பதையும், அவர்களை ஏன் அவ்வாறு போற்றுகிறேன் என்பதையும், அவர்களை முன்னிட்டு இக்கரையோரத்துக்காக நான் கேட்க விரும்புவது என்ன என்பதையும் எழுத முற்படுகிறேன்.

இத்தகைய வரிசையை எவர் எழுதினாலும் தியான்சந்தின் பெயரையே முதலில் எழுதுவர். 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் தங்கம் கொணர்ந்த அம்மகாபுருஷரை என் சிறு வரிசைக்குள் அடக்க நான் துணியவில்லை. வானொலி வருணனையில் கேட்டும், எழும்பூர் மைதானத்தில் கண்டும், பிற்காலத்தில் தொலைக்காட்சியில் பார்த்தும் எனக்குப் பரிச்சயமானவர்களோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர்களிலும், கோல் போட்டவர்களைக் காட்டிலும், கோல் போடுகிறவருக்குப் பந்தை வாங்கிக் கொடுத்தவர்களிடமே என் மனம் அதிகமாகச் செல்கிறது. மறுநாள் பத்திரிகையில் அச்சாவது கோல் போட்டவரின் பெயர். அந்தப் பந்து எதிரியின் மட்டையிலிருந்து எவரால் பறிக்கப்பட்டு, எந்தக் கணத்தில், எந்த இடைவெளியின் வழியே அனுப்பப்பட்டது என்பதை ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்தவன் மட்டுமே அறிவான். துறைமுகத்தில் கப்பலின் மேல்தளத்து விளிம்பில் நின்று, கீழே சரக்கறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க இயலாத கிரேன்காரருக்குக் கைச்சைகை காட்டி ஏற்றவும் இறக்கவும் செய்கிற தொழிலாளியைப் போல, நடுக்களத்து ஆட்டக்காரர் முன்னால் ஓடுகிறவர்களுக்குக் கண்ணாக இருக்கிறார். தமிழ்நாடு இந்திய அணிக்கு அளித்தவர்களுள் மேலானவர்கள் இவ்வகை ஆட்டக்காரர்களே என்பது என் திடமான அபிப்பிராயம்.

அவர்களுள் முதல்வர் வாசுதேவன் பாஸ்கரன். லயோலா கல்லூரியில் பயின்ற இச்சென்னைக்காரர் இந்திய அணியில் ஆடியது இடது ஹாஃப் ஸ்தானத்தில். அந்த ஸ்தானத்தின் கஷ்டத்தை, ஆட்டத்தின் நுட்பம் அறியாதவர்களுக்காகச் சற்று விரித்துரைக்க வேண்டும். வளைகோலின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டையான பக்கத்தால்தான் பந்தை ஆடவேண்டும். இடக்கைப் பழக்கமுள்ளவருக்கென்று தனி மட்டையும் கிடையாது. ஆகவே எதிரணியின் வலது ஓர ஆட்டக்காரர் பந்தைத் தம் வலப்புறத்தில் வைத்துக்கொண்டு கோட்டோரமாகப் பாய்ந்து வரும்போது, அவரை எதிர்கொள்ளும் இடது ஹாஃபுக்கு அந்தப் பந்து இடப்புறத்தில், அதாவது மட்டையைத் திருப்பிப் பிடித்தாலன்றி எட்டாத பக்கத்தில் அமைந்துவிடுகிறது. கையை நீட்டிப் பறிக்க முயன்றால் வந்தவர் ஒரே தட்டில் கடந்துபோய்விடுவார். கைக்கு முந்திக் கால்கள் வேலை செய்யவேண்டும்: இரண்டு மூன்று சிறு அடிகளில் உடம்பை இடப்பக்கம் நகர்த்தி, கோட்டோரத்து வழியை அடைத்து, வருகிறவரை உட்பக்கமாகத் திரும்பும்படி நிர்ப்பந்தித்து, தம் மட்டையின் தட்டைப் பக்கத்துக்கே அவரை வரவழைக்கவேண்டும். பந்தைப் பறித்த பிறகும் வேலை முடிவதில்லை; தலையை நிமிர்த்தி, தம்முடைய முன்வரிசையில் எவர் காலியாக நிற்கிறார் என்று கண்டு, அவர் ஓடிப்போய்ச் சேரும் இடத்துக்குப் பந்தை அனுப்பியாகவேண்டும். பாஸ்கரன் இவையனைத்தையும் அவசரத்தின் சாயல் சிறிதுமின்றிச் செய்து முடிப்பார் என்பதே அவரிடத்தில் எனக்குள்ள பக்திக்குக் காரணம்.

1973-இல் ஆம்ஸ்டல்வீனில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெள்ளி பெற்ற அணியிலும், 1976-இல் மாண்ட்ரீயலில் செயற்கைப் புல்தரை முதன்முதலாக ஒலிம்பிக்கில் விரிக்கப்பட்டபோது ஏழாவது இடத்துக்குத் தாழ்ந்துபோன அணியிலும் அவர் இருந்தார். 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஏதேனும் ஒரு பதக்கத்தோடு திரும்பிய தேசம் அவ்வாண்டில்தான் முதல்முறையாக வெறுங்கையோடு வந்தது. அந்தத் துக்கத்தின் நிழலில், நான்காண்டுகள் கழித்து, மாஸ்கோவுக்குச் சென்ற இளம் அணிக்குத் தலைமை பூண்டவர் பாஸ்கரன். பல தேசங்கள் பகிஷ்கரித்த பந்தயம் அது என்றும், ஆறே அணிகள் ஆடிய போட்டியில் பெற்ற தங்கத்துக்கு மாற்றுக் குறைவு என்றும் இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஜெர்மனியும் ஹாலந்தும் பாகிஸ்தானும் வரவில்லை என்பது உண்மையே. ஆயினும் போலந்தோடும் ஸ்பெயினோடும் முதற்சுற்றில் 2-2 என்று சமநிலையில் முடித்துவிட்டு, சோவியத் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்று, இறுதியாட்டத்துக்கு வந்த அந்த அணிக்கு எதுவும் எளிதில் கிட்டிவிடவில்லை. 1980 ஜூலை 29-ஆம் தேதி நடந்த அவ்விறுதியாட்டத்தில் சுரிந்தர் சிங் சோதி இரண்டும் கௌஷிக் ஒன்றுமாகக் கோல் போட்டு 3-0 என்று முந்திய பிறகு, ஸ்பெயினின் ஹுவான் அமாத் அடுத்தடுத்து இரண்டு கோல் திருப்பினார். முகம்மது ஷாகித் நான்காவதைப் போட்டார். அமாத் மீண்டும் ஒன்று போட, 4-3 என்ற ஒற்றைக் கோல் வித்தியாசத்தைக் கடைசி நிமிடம் வரை கட்டிக்காக்க வேண்டியிருந்தது. முன்வரிசையினரின் கைவரிசையால் பெற்ற கோல்களைப் பின்வரிசையினரின் நிதானமே காப்பாற்றிக் கொடுத்தது. அதற்குப் பிறகு இந்திய ஹாக்கிக்கு ஒலிம்பிக் தங்கம் இன்றுவரை வாய்க்கவில்லை. அடுத்த பதக்கமான டோக்கியோ வெண்கலத்துக்கே 2021 வரை காத்திருக்க நேர்ந்தது.

பாஸ்கரனுக்கு முன்னோடி கிருஷ்ணமூர்த்தி பெருமாள். 1968-இல் மெக்ஸிகோவிலும் 1972-இல் மியூனிக்கிலும் வெண்கலம் பெற்ற அணிகளில் ஹாஃபாக ஆடிய இவரது பெயர், அர்ஜுனா விருது பெற்றும்கூட, இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனது எனக்குப் பெருத்த மனக்குறை. அவருக்கும் மூத்த தலைமுறையில் வி. ஜே. பீட்டர் என்ற சென்னை வீரர் ரோமில் வெள்ளியும், டோக்கியோவில் தங்கமும், மெக்ஸிகோவில் வெண்கலமுமாக மூன்று உலோகங்களையும் மூன்று ஒலிம்பிக்கில் பெற்றவர். முன்வரிசை ஆட்டக்காரராயினும், இன்சைடு ஸ்தானத்தில் இருப்பவர் கோல் போடுவதற்கு நிகராகப் பந்தைப் பகிரவும் வேண்டிய காலம் அது. அவருடைய தம்பி பிலிப்ஸ் வலது ஓரத்தில் ஆடி, 1975 மார்ச் 15-இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று உலகக் கோப்பையைக் கொணர்ந்த அணியில் இடம்பெற்றார். அந்த அணியின் தலைவர் அஜித்பால் சிங்கை, மொழியும் மாநிலமும் வேறாயினும், என் வரிசையில் பாஸ்கரனுக்குப் பக்கத்திலேயே வைப்பேன். நடு ஹாஃப் என்ற ஸ்தானத்துக்கு அவரைக் காட்டிலும் கம்பீரமான உதாரணத்தை நான் கண்டதில்லை.

இனி தன்ராஜ் பிள்ளை. நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசியப் போட்டி என்று இவர் ஆடிய காலம் இந்திய ஹாக்கியின் வறட்சிக் காலம். அந்த வறட்சியிலும் மைதானத்துக்கு ஜனங்களை வரவழைத்தவர் இவர் ஒருவரே. இவர் கோல் போடுகிறவர் ஆயிற்றே, என் அளவுகோலுக்கு எவ்வாறு பொருந்துவார் என்று கேட்கலாம். பந்தோடு இவர் பாயும்போது இரண்டு மூன்று காப்பாளர்கள் இவரையே நோக்கி இழுபட்டு வருவார்கள். அப்படி வந்ததனால் காலியான இடத்தில் நின்ற தோழருக்குக் கிடைத்த வாய்ப்புகளை எந்தக் கணக்கேட்டிலும் எழுதமாட்டார்கள். 1998 டிசம்பரில் பாங்காக்கில், தென்கொரியாவைப் பெனால்டி முறையில் வென்று, 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியப் போட்டித் தங்கத்தை மீட்ட அணிக்கு இவரே தலைவர். திரும்பி வந்த சிறிது காலத்துக்குள் ஓய்வு என்ற பெயரில் அவரும் வேறு சில சகாக்களும் அணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது அநியாயம். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அதை வேறு சொல்லால் குறிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

சென்னையின் முகம்மது ரியாஸ் அட்லாண்டாவிலும் சிட்னியிலும் நடுக்களத்தைத் தாங்கியவர். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் முருகப்பா தங்கக் கோப்பை ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவருடைய ஆட்டத்தின் அடக்கம் நன்றாகத் தெரியும். 2000-இல் சிட்னியில் பாஸ்கரன் பயிற்சியாளர். களத்தில் தன்ராஜும் ரியாஸும். போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலையில், 1-0 என்று முன்னணியிலிருந்த இந்திய அணிமீது கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் சமன் கோல் விழுந்தது. என் அபிமானத்துக்குரிய மூவரும் ஒரே இடத்தில், ஒரே கணத்தில் பறிகொடுத்ததை நினைக்கும்போது இன்றும் தொண்டை அடைக்கிறது.

இவர்களுடைய பூர்வோத்தரத்தை ஆராய்ந்தால் ஒரு விஷயம் தெளிவாகப் புலப்படும். பீட்டர் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் வளர்ந்தவர். தமிழ்ப் பெற்றோருக்குப் புனேவை அடுத்த கட்கியில் பிறந்த தன்ராஜ், அங்கிருந்த வெடிமருந்துத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பின் மண்தரையில், உடைந்த மட்டைகளைக் கட்டி ஆடிப் பழகியவர். அவருடைய தந்தை அவ்விடத்து மைதானக் காவலர். ராணுவம், ரயில்வே, தொழிற்சாலை ஆகிய இம்மூன்றின் குடியிருப்புகளும் அவற்றையொட்டிய மைதானங்களுமே இந்நாட்டில் ஹாக்கிக்குத் தொட்டிலாக விளங்கின. எங்கள் பகுதியோ, 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரத்தில் தொடங்குவது. ரயில்வேயில் பணிபுரிந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கும் பெரம்பூரிலும் இவ்வாட்டத்தை வாழ்க்கையின் அங்கமாகவே பாவித்தன. அதற்கு வடக்கே திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தீப்பெட்டி, டயர், மோட்டார் சைக்கிள், லாரி, மின்சாரம் என்று எத்தனையோ உற்பத்திகள் வளர்ந்தன. தொட்டில் கட்டுவதற்கு வேண்டிய அனைத்தும் இங்கே இருந்தன. எனினும் ஆலைக் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, காலி நிலங்கள் கன்டெய்னர் யார்டுகளாக மாறி, டிரெய்லர் லாரிகள் இரவு பகலாக வரிசை கட்டி நிற்கும் சாலையோரத்தில் இன்று ஒரு பையன் மட்டையை வீசிப் பழக இடமில்லை. பிளந்துபோன மட்டைக்குப் பசை தடவி, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக அறுத்து இறுகச் சுற்றி, ஒரு ராத்திரி காயவைத்து மறுநாள் எடுத்துக்கொண்டு வரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், இல்லாதது ஆர்வமன்று.

கோவில்பட்டியைப் பார்த்தால் இது விளங்கும். தீப்பெட்டித் தொழிலால் பிழைக்கும் அந்தக் கரிசல் ஊர் தலைமுறை தலைமுறையாக ஹாக்கியைப் பேணி வந்திருக்கிறது. அங்கே மாணவர் விளையாட்டு விடுதியும் செயற்கைத் தரையும் அமைந்தன. அதன் பலனாக 2022-இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில், அவ்வூர்ப் பிள்ளை மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து அங்கே பயின்ற செல்வம் கார்த்தியும் ஒருசேர இந்தியச் சட்டை அணிந்தனர். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். அடுத்த ஆண்டு எழும்பூரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியாவுக்கு எதிராக அவர் கோல் போட்டபோது மைதானம் எழுப்பிய ஆரவாரம், 2007-இல் அதே மைதானத்தில் தென்கொரியாவை 7-2 என்று வென்று ஆசியக் கோப்பையை ஏந்திய நாளின் ஆரவாரத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. திருவொற்றியூரில் விம்கோ நகர் என்ற பெயரைத் தாங்கி நிற்கும் வட்டாரமும் ஒரு தீப்பெட்டி ஆலையால் உண்டானதுதான். கோவில்பட்டிக்கு வாய்த்தது இங்கே வாய்க்காததற்கு நிலமோ ஜனங்களோ காரணமல்ல, சிரத்தையின்மையே காரணம்.

ஆகவே நான் கேட்பது, இக்கரையோரத்திலும் ஒரு செயற்கைத் தரை அமையவேண்டும் என்பதே. அத்தரைக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் ஏராளமான தண்ணீர் தெளிக்கவேண்டும், குடிநீருக்கே லாரியை எதிர்பார்க்கும் வடசென்னையில் அது தகுமா என்று ஆட்சேபிப்பார்கள். நியாயமான ஆட்சேபம். கொடுங்கையூரில் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்து மணலி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் இயங்கிவருகிறது. அதில் ஒரு சிறு பங்கு மைதானத்துக்குப் போதும். இக்கரையின் துறைமுகங்களும் பெரிய ஆலைகளும் சேர்ந்தால் செலவும் பாரமாகாது. தரை அமைந்த பிறகு அவை செய்யவேண்டிய காரியம் இன்னொன்று உண்டு: ஆண்டுதோறும் விளையாட்டு ஒதுக்கீட்டில் சில ஹாக்கி வீரர்களையேனும் வேலைக்கு எடுத்துக்கொள்வது. பதினெட்டு வயதில் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவந்தாகவேண்டிய பிள்ளையிடம், நான்காண்டுகள் கழித்துத் தேசிய அணி உனக்காகக் காத்திருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை. இடது ஹாஃபாக வரக்கூடிய அப்பையன் மட்டையை வைத்துவிட்டு யார்டு வேலைக்குப் போய்விடுவான்.