ஆற்றின் பெயரும் ஆற்றின் பிறப்பிடமும்

ஊர்ப்பெயர் ஆய்வு தமிழில் நன்கு வளர்ந்துள்ளது. ரா.பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' அதற்கு வழிகாட்டிய நூல்களுள் தலையாயது. ஆயின் ஆறு, ஓடைகளின் பெயர்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இக்குறை சிறிதன்று.

பரிபாடலில் இன்று கிடைக்கும் 22 முழுப் பாடல்களுள் 8 வையைக்கு உரியன. புலவர் போற்றிய அவ்வையை தோன்றுவது நம் தேனி மாவட்டத்து மலைகளில்தான். வருசநாட்டு மலையில் பிறப்பதை மூல வைகை என்கிறோம். போடிப் பக்கம் ஓடிவரும் கொட்டக்குடி ஆறு மலையூர் ஒன்றின் பெயரைத் தாங்குகிறது. பெரியகுளத்து வராக நதி திருமாலின் அவதாரத்தையும், இராயப்பன்பட்டிப் பக்கத்துச் சண்முகா நதி முருகனையும் நினைவூட்டுகின்றன. ஊரும் வழிபாடும் பெயர்களாகி நீரோடு ஒழுகிவருவதை இங்குக் காணலாம்.

இவற்றுள் சுருளியாற்றின் வரலாறு தனித்தன்மை உடையது. மலைக்கு அப்பால் முல்லையாறும் பெரியாறும் கூடுமிடத்தில் பென்னிகுயிக் எழுப்பிய அணை 1895இல் பயனுக்கு வந்தது. மேற்கே அரபிக்கடல் நோக்கிச் சென்ற நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, வைரவனாற்றில் இறங்கிச் சுருளியாற்றோடு கலந்தது. நீரோடு பெயரும் மலை தாண்டியது. இன்று பள்ளத்தாக்கின் ஆற்றை முல்லையாறு என்றும் பெரியாறு என்றுமே பலரும் வழங்குகின்றனர். முல்லைத்திணையில் பிறந்தமையால் இப்பெயர் வந்தது போலும் என்று இளையோர் கருதிவிடவும் இடமுண்டு.

இருபோகம் விளைவித்து வாழ்வளித்த நீருக்கு மக்கள் நன்றியோடு இட்ட பெயரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும் சுருளி, வைரவன் என்னும் பழம்பெயர்கள் மறையுமாயின், அவற்றோடு ஓர் உண்மையும் மறையும். மேகமலைச் சாரலில் பெய்யும் மழையே சுருளியின் தாய். நம் நீர் யாவும் மலைக்கு அப்பாலிருந்தே வருகிறது என நம்பும் ஊர், தன் மலைச்சரிவில் மரம் வீழ்வதையும் ஓடை தூர்வதையும் பொருட்படுத்தாது. மேகமலைக் காடுகள் 2021இல் புலிகள் காப்பகத்தின் பகுதியாயின. சட்டம் காட்டைக் காக்கலாம். அடிவாரத்து ஓடையை ஊரார் நினைவே காக்கும். பெயர் மறந்த ஓடை முதலில் வெறும் பள்ளமாகும்; பின்னர் வீட்டுமனையாகும்.

ஆதலின், பாலங்களின் பெயர்ப்பலகைகளில் புதுப்பெயரோடு பழம்பெயரும் இடம்பெறல் வேண்டும். நம் துறை மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தம் ஊர் முதியோரை அணுகி, ஓடைகளின் பெயர், அவை தோன்றும் இடம், சென்று சேரும் கண்மாய் ஆகியவற்றை எழுதிவருதல் நன்று. அத்தொகுப்பு நாளை ஆய்வாளர்க்கு மட்டுமின்றி, ஓடையை மீட்க முனையும் ஊராருக்கும் சான்றாக நிற்கும்.