ஆடிய கண்ணாடி

சென்ற மாதம் ஒருநாட் காலை, எம் தமக்கையின் கணவரோடு அவருடைய பிக்கப் வாகனத்தில் வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குச் சென்றோம். ஒழுங்கையொன்றில் வேலிக் கதியாலோடு மோதிய நாள்முதல் அவ்வாகனத்தின் இடப்பக்கக் கண்ணாடி ஆடிக்கொண்டே இருந்தது. "உடையேல்லைத்தானே, வெங்காயம் வித்த பிறகு பாப்பம்" என்பதே அத்தானின் விடை.

வாகனம் இடப்பக்கம் திரும்பிற்று. கண்ணாடியில் அவருக்குத் தெரிந்தது வெண்மையான ஒரு கலங்கல். அதை வானமென எண்ணிவிட்டார். ஜன்னலோரம் இருந்த எமக்கோ, வெள்ளைச் சீருடையில் சைக்கிளில் வந்த பாடசாலைச் சிறுமி தெரிந்தாள். "அத்தான், நிற்பாட்டுங்கோ!" என்று கத்தினோம். ஒரு சாண் இடைவெளியில் அவள் தப்பினாள்.

இத்தொல்லை புதியதன்று. 1911-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 500 மைல் மோட்டார்ப் பந்தயத்தை வென்ற ரே ஹரூன், பின்னே வருவோரைப் பார்ப்பதற்குத் தம் வண்டியில் கண்ணாடி பூட்டியிருந்தார். செங்கல் பாவிய தடத்தில் அது அதிர்ந்தமையால் தமக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். பந்தயத் தடத்திற் சிறுமியர் செல்வதில்லை. எம் வீதிகளிற் செல்கின்றனர்.

அன்று மாலையே புதுக்கண்ணாடி வாங்க அத்தான் புறப்பட்டார். ஆட்டம் எங்கே என்று அறியுமுன் பணத்தைச் செலவிடலாகாது எனத் தடுத்தோம். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் அசைத்துப் பார்த்தல் வேண்டும். கண்ணாடித் தகடு மட்டும் ஆடினால் அதன் பின்னுள்ள பிடிகள் பழுது. தகட்டை மாற்றினாற் போதும். கூடு முழுவதும் மடிப்பில் ஆடினால் உள்ளிருக்கும் சுருள்வில் தளர்ந்திருக்கும். அடிப்பாகம் கதவோடு சேருமிடத்தில் ஆடினால் நட்டுகள் இளகியிருக்கும். அடிப்பாகம் வெடித்திருந்தால் பசை உதவாது. முழுவதையும் மாற்றுவதே முறை.

அத்தானின் கதவின் உட்புறத்து முக்கோண மூடியைக் கழற்றினோம். மூன்று நட்டுகளில் ஒன்று விழுந்தே போயிருந்தது; மற்றொன்று விரலால் சுழன்றது. புதிய நட்டு ஒன்றிட்டு, மூன்றையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கினோம். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். அரைமணி நேர வேலை!

தகடு மாற்றுவோர் ஒன்றைக் கவனிக்க. குவிந்த கண்ணாடி இருந்த இடத்திற் சாதாரணத் தட்டைக் கண்ணாடியை வெட்டி ஒட்டினால், தெரியும் பரப்புக் குறுகிவிடும். குவிந்த கண்ணாடியிலோ பொருள்கள் உள்ளதிலும் தூரமாகத் தோன்றும். ஆதலின், கண்ணாடி அசையாது நின்றாலும் திரும்புமுன் தலையைத் திருப்பிப் பார்த்தலே நன்று.

கண்ணாடி ஆடுவதை நாம் சில நாளிற் பழகிவிடுகிறோம். பின்னே வரும் பிள்ளைக்கு அது ஆடுவது தெரியாது. சாரதி தன்னைக் கண்டுவிட்டார் என்றே நம்பி வருகின்றது. அந்த நம்பிக்கைக்காகவேனும் அரைமணி நேரம் ஒதுக்கலாமன்றோ?